புலிக்குக் கம்பளித் தொப்பி

பர்மாவில் நர்கிஸ் புயலடித்த மறு வருடம், டிசம்பர் பிறப்பதற்குச் சில நாள் முன்னால், சோ பர்னபா ஒரு கிறிஸ்மஸ் பாட்டை வெளியிட்டார். அவருடைய ரசிகர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். ரங்கூன் லான்மடா கடைத்தெருவில் பட்டன், ஜிப், நூல்கண்டு விற்கும் யாசர் மட்டும், கடைக்கு வந்த தையற்காரர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்து, இந்தப் பாட்டு முதலிடத்துக்கு வராவிட்டால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பர்னபா கரேன் இனத்து ராக் பாடகர். தோள்வரை முடி. எந்த வெயிலிலும் கழற்றாத தோல் ஜாக்கெட். அவர் அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்து கத்தினால் டேப் ரெக்கார்டரின் மூடி அதிரும். அப்படிப்பட்ட மனிதர் இப்போது மணியோசைக்கு நடுவில், பின்னால் பிள்ளைகள் கூட்டமாகப் பாட, தாலாட்டுப் பாடுகிறமாதிரி 'நட்சத்திரக் கூரை' என்று ஒரு பாட்டுப் பாடியிருந்தார். எஃப்எம் ரேடியோவில் வாராவாரம் சனிக்கிழமை மத்தியானம் பத்துப் பாட்டுகளுக்கு இடம் சொல்வார்கள். நேயர்கள் அந்த வாரம் முழுக்கப் போன் பண்ணிச் சொல்வதை வைத்துத்தான் இடம். முதல் வாரம் 'நட்சத்திரக் கூரை' ஒன்பதாவதாக வந்து நின்றது.

"பாய், நோன்பும் வைக்கிறீங்க, கிறிஸ்மஸ் பாட்டுக்கும் ஓட்டுக் கேக்குறீங்களே" என்றான் பக்கத்துக் கடையில் கைக்கடிகார வார் விற்கும் ரமேஷ்குமார்.

"பர்னபா மழைக்குப் பாடினாலும் நான் ஓட்டுப் போடுவேன். குடைக்குப் பாடினாலும் போடுவேன்."

"இப்ப பாடியிருக்கிறது அதுமாதிரிதான் இருக்குது."

இந்தப் பேச்செல்லாம் கடையோடு சரி. மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில், மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்துவிட்டால் யாசர் வேறு ஆள். சட்டையைக் கழற்றி மாட்டுவான், தாயார் மதீனா பீவியிடம் கால்வலி எப்படி என்று கேட்பான், மனைவி மிஸ்பாவிடம் சீனா ஜிப் விலை ஏறியதையும் தாய்லாந்து ஜிப் பல் உடைவதையும் சொல்வான், சாப்பிட்டுப் படுத்துவிடுவான். கல்யாணமாகி நாலு வருடத்தில் மிஸ்பாவுக்கு ஜிப்பைப் பற்றித் தெரியாதது ஒன்றும் பாக்கியில்லை.

அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாததுதான் ஒன்று இருந்தது. மிஸ்பா அவனுக்கு முந்திய ரசிகை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுடைய அண்ணன் இப்ராஹிம் பர்னபாவின் முதல் கேசட்டைக் கொண்டுவந்து, வாப்பா தொழுகைக்குப் போன நேரம் பார்த்துப் போடுவான். கேசட் நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வது மிஸ்பாவின் வேலை. அப்படிச் சுற்றிச் சுற்றியே எல்லாப் பாட்டும் மனப்பாடமாகிவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய பெரியம்மா, "எங்க புள்ளைக்குப் பாட்டு கீட்டு கேக்குற பழக்கமெல்லாம் கிடையாது" என்று சொல்லிவைத்தாள். மாப்பிள்ளை வீட்டில் மதீனா பீவியும் "எங்க புள்ளையும் அப்படித்தான், கடை உண்டு வீடு உண்டு" என்றாள். இரண்டு பக்கமும் பேச்சு முடிந்து, ஃபாத்திஹா ஓதியாகிவிட்டது. அதற்கப்புறம் யார் போய் எதை மாற்றிச் சொல்வது? யாசர் பர்னபா ரசிகன் என்பதே மிஸ்பாவுக்குக் கல்யாணமாகிப் பல மாதம் கழித்து ரமேஷ்குமார் சொல்லித்தான் தெரியும். அவன் குளிக்கும்போது முணுமுணுப்பதைக் கேட்டு, இவளும் அடுப்படியில் அடுத்த அடியை வாய்க்குள்ளேயே பாடிக்கொள்வாள். அவ்வளவுதான்.

அந்த முதல் சனிக்கிழமை, மாமியார் தூங்கிய நேரம், மிஸ்பா கீழ்வீட்டுச் சொர்ணம்மாளிடம் போனாள். அந்தக் கட்டடத்தில் போன் இருப்பது சொர்ணம்மாள் வீட்டில் மட்டும்தான். இடம் சொல்லி முடித்த பிறகு அறிவிப்பாளர் கோ தூரா நேயர்களோடு பேசுவார். பாட்டு, மழை, காதல் இந்த மூன்றையும் தவிர வேறெதையும் பேசக் கூடாது என்பது ராணுவ ஆட்சியில் அங்கே எல்லோரும் அறிந்த சட்டம். முன்பெல்லாம் எத்தனையோ தடவை அந்த எண்ணைச் சுழற்றிவிட்டு மிஸ்பா பாதியில் வைத்திருக்கிறாள். அன்று அந்தப் பாட்டின் மேல் இருந்த கோபத்தில் வைக்கத் தோன்றவில்லை. லைன் கிடைத்தது.

"உங்கள் பெயர்?" என்று கோ தூரா பர்மியில் கேட்டார்.

சொந்தப் பெயரைச் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். வயதானவள் என்றால் மரியாதையாகக் கேட்பார்கள் என்று பட்டது. பெரிய பெண்களுக்குப் பெயர் முன்னால் போடும் 'டோ'வையும், தூரத்துப் பேட்டை ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

"டோ மியா மியா. மிங்கலாடோனிலிருந்து பேசுகிறேன். வயது ஐம்பத்திரண்டு."

சொர்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சோ பர்னபாவின் கிறிஸ்மஸ் பாட்டு எந்த இடத்துக்கு வரும் என்று நினைக்கிறீர்கள், அம்மா?"

"ஏழாம் இடத்துக்கு மேல் வராது தம்பி. அது கல் உடைக்கிற குரல். அதற்குப் போய் மணி கட்டி, பஞ்சு சுற்றி, பின்னால் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறார்கள். புலிக்குக் கம்பளித் தொப்பி போட்டுவிட்டமாதிரி இருக்கிறது."

கோ தூரா சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பாட்டே தொடங்கிவிட்டது.

மறுநாள் ரங்கூன் டீக்கடைகளில் புலியும் தொப்பியும்தான் பேச்சு. பர்னபாவைப் பிடிக்காதவர்கள் கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். யாசர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினான். கால்வலியைக் கேட்க மறந்தான். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக ஜிப் அல்லாத ஒரு விஷயத்தைப் பேசினான்.

"மிங்கலாடோன்ல ஒரு டோ இருக்குது. அம்பத்திரெண்டு வயசாம். ரேடியோவுல வந்து என்னமோ பேசியிருக்குது. அந்த வயசுல தஸ்பீஹ் மணி மாதிரி ஏதாவது உருட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே. ராக் பாட்டைப் பத்தி அதுக்கு என்னா தெரியும்?"

"யாரைப் பத்திங்க?" என்றாள் மிஸ்பா, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே.

"ஒரு பாடகர். உனக்குத் தெரியாது. அவரைப் புலிங்குது, தொப்பிங்குது."

"தொப்பி என்ன நிறம்னு சொன்னாங்களா?"

யாசர் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை யாசரே ரேடியோவில் பேசினான். கடைத்தெருவில் எல்லோரும் அவனைக் கூப்பிடும் பர்மியப் பெயரையே சொன்னான்: லான்மடாவிலிருந்து கோ யான் அவுங். டோ மியா மியா அம்மையார் மேல் தனக்கு மரியாதை உண்டு என்று தொடங்கினான். ஆனால் வயதாக ஆக மனிதருடைய காது சத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இசையை வெளியே விட்டுவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள் என்றான். எந்த டாக்டர் என்று கோ தூரா கேட்டதற்கு, பேச்சை மாற்றிவிட்டான். கடைசியில், முதலிடம் நிச்சயம் என்று சொல்லி முடித்தான். மிஸ்பா வீட்டில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அவன் பேசப் பேச அவளுக்குக் கோபம் வரவேண்டியது, வரவில்லை. இந்த மனிதனுக்கு இவ்வளவு பேச வருமா என்று ஆச்சரியமாக இருந்தது. பர்னபாவின் பழைய பாட்டுகளைப் பற்றி அவன் சொன்ன ஒவ்வொன்றும் அவள் மனதில் இருந்ததுதான். மடித்த லுங்கியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

சண்டையைக் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த வாரம் போன் மேல் போன். பாட்டு ஆறாவது இடத்துக்கு ஏறியது.

அதற்கடுத்த சனிக்கிழமை கோ தூரா ஒரு காரியம் செய்தார். டோ மியா மியா ஒரு லைனில் இருக்கும்போது கோ யான் அவுங் இன்னொரு லைனில் வர, இரண்டையும் சேர்த்துவிட்டு, "பேசுங்கள், ஊரே கேட்கிறது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"அம்மா, வணக்கம்" என்றான் யாசர், மிகவும் பணிவாக. "ஏழாம் இடம் தாண்டாது என்றீர்கள். தாண்டிவிட்டதே."

"ஏற்றிவிட்டது பாட்டு இல்லை தம்பி, நம்முடைய சண்டை. பாட்டு இருந்த இடத்தில்தான் மணியடித்துக்கொண்டிருக்கிறது."

"வீட்டில் ஐயா உங்களிடம் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ."

"அவருக்கென்ன, நன்றாக இருக்கிறார். என்ன, வாயைக் கடையிலேயே பூட்டிவைத்துவிட்டு வருவார். வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை."

சொர்ணம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். போகும்போது கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் மூன்றாம் மாடிப் படிக்கட்டிலிருந்து மதீனா பீவியின் குரல் இறங்கி வந்தது. மைக் வேண்டாத தமிழ்க் குரல்.

"ஏ புள்ள மிஸ்பா, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. எங்க போய்த் தொலைஞ்சா இந்தப் புள்ள?"

போனில் ஒரு சத்தமும் இல்லை. ரேடியோவிலும் இல்லை. ரங்கூன் முழுக்க அந்த மௌனத்தைக் கேட்டது. மிஸ்பா போனின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"ஹலோ, ஹலோ" என்றார் கோ தூரா. "கோ யான் அவுங், இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்" என்றான் யாசர். "அந்த அம்மையாரை முதலில் போய்ப் பாலை இறக்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்."

"பால் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு அந்தப் பாஷை கொஞ்சம் வரும்."

மிஸ்பா போனை வைத்தாள். சொர்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உன் வீட்டுக்காரர் நல்லாத்தான் பேசுறாரு. வீட்டுலயும் இப்படியா?"

"வீட்டுல ஜிப் மட்டும்தான் அக்கா."

சாயங்காலம் வரை மிஸ்பா அடுப்பைத் தேய்த்தாள். பால் கறை போன பிறகும் தேய்த்தாள். அவன் கத்துவான் என்று அவள் நினைக்கவில்லை. அவனுக்குக் கத்த வராது. மறுபடி ஜிப் பேச்சுக்கே போய்விடுவானோ என்றுதான் பயம். ஒன்றும் நடக்காததுபோல் சட்டையை மாட்டிவிட்டுச் சோறு கேட்டுவிட்டால், இன்னும் நாலு வருடம் இப்படியே போய்விடும்.

யாசர் வந்தான். சட்டையைக் கழற்றவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உனக்கு வயசு அம்பத்திரெண்டா?"

"மரியாதைக்குச் சொன்னது."

"இத்தனை நாள் தெரியாமப் போச்சே. உம்மா வயசுல ஒரு டோவைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். ரமேஷ்குமார் கடைத்தெரு பூரா சொல்லிட்டான். டெய்லர்லாம் வந்து பால் இறங்கிடுச்சான்னு கேட்டுட்டுப் போறாங்க."

அவன் வாயோரம் நடுங்கியது. கோபமா சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் அவன் கேட்டான்: "எப்பலேருந்து?"

"முதல் கேசட்லேருந்து."

"சும்மா சொல்லாத. அதுல ரெண்டாம் பக்கம் என்ன பாட்டுல ஆரம்பிக்கும்?"

"ரயில் பாட்டு. ஆனா நீங்க குளிக்கும்போது அதை ரெண்டாவது சரணத்துலேருந்து ஆரம்பிக்கிறீங்க. நாலு வருசமா அப்படித்தான்."

யாசர் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்கிறான் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"நாலு வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"நீங்க கேக்கல."

"நீயும்தான் கேக்கல."

"நான்தான் ரேடியோவுல கேட்டேனே."

மதீனா பீவிக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவள் வருத்தப்பட்டது பொங்கிப்போன பாலுக்காக மட்டும்தான். இருவரையும் பார்த்து, அந்தக் கத்தல்காரனுக்கு இத்தனை சண்டையா, மே தாஸின் என்று ஒரு பெண் பாடுகிறாளே, பஸ்ஸுக்கு நிற்கும்போது காதலன் வராமல் போன பாட்டு, அதுதான் பாட்டு, அதுதான் முதலாவதாக வரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தொழப் போனாள்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றான் யாசர். "நீ அந்தப் பாட்டை முழுசாக் கேட்டியா?"

"தினம் நாலு தடவை போடுறாங்க, கேக்காம?"

"ரேடியோவுல முக்கால்வாசிதான் போடுவாங்க. அப்புறம் விளம்பரம் வந்துடும். விளம்பரத்துக்குத்தான் வெட்டுறாங்களோ, வேற எதுக்கோ, நான் கேட்டுக்கல."

மறுநாள் கடையிலிருந்து சிடியைக் கொண்டுவந்தான். கொண்டுவந்த நேரம் கரண்ட் இல்லை. இரண்டு பேரும் பிளேயருக்கு முன்னால், சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டே இருந்ததில் கரண்ட் வந்ததே தெரியவில்லை. மதீனா பீவிதான் விசிறி சுற்றுகிறது என்று சொன்னாள்.

பாட்டு தொடங்கியது. மணி அடித்தது. பிள்ளைகள் பாடினார்கள். மிஸ்பா அவனைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள். பொறு என்று கை காட்டினான். ரேடியோவில் முடியும் இடத்தில் மணி நின்றது. பிள்ளைகள் நின்றார்கள். ஒரு கிதார் மட்டும் வந்தது, பழைய கேசட்டுகளில் வரும் அதே கரகரப்போடு. பிறகு பர்னபா தனியாக, தொண்டை கிழியப் பாடினார். புயல் கூரையைக் கொண்டுபோன வீடுகளில் பிள்ளைகள் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த இரவைப் பற்றி. கிறிஸ்மஸுக்கு எல்லோர் வீட்டிலும் காகித நட்சத்திரம் தொங்குகிறது, எங்களுக்கு நிஜ நட்சத்திரமே தொங்கியது என்று. டெல்டா பக்கத்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கத்தினார். மிஸ்பாவின் அண்ணன் இப்ராஹிம் புயலுக்கப்புறம் அரிசி மூட்டையோடு படகில் போய், திரும்பி வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்த ஊர்களும் அதில் இருந்தன.

முடிந்தபோது அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"தொப்பியைக் கழட்டிட்டாரா?" என்றான் யாசர் மெதுவாக.

"கழட்டிட்டாரு." மூக்கை இன்னொரு தடவை துடைத்துவிட்டு, "ஆனா மணி ஜாஸ்தி" என்றாள்.

"ஜாஸ்திதான். கடைக்காரங்ககிட்ட ஒத்துக்க முடியுமா?"

அடுத்த சனிக்கிழமை யாசர் கடையை ரமேஷ்குமாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இருவரும் சொர்ணம்மாள் வீட்டில் உட்கார்ந்தார்கள். மிஸ்பா தன் சொந்தப் பெயரையும் சொந்த வயதையும் சொன்னாள். முழுப் பாட்டையும் கேட்காமல் பேசியது தன் தப்பு என்றாள். மணியைப் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன் என்றாள்.

"இன்றைக்கு ஒரு தடவை கடைசி வரைக்கும் போடுங்கள் தம்பி. எனக்காக வேண்டாம். கேட்டுவிட்டு ஊரே சொல்லட்டும்."

கோ தூராவின் குரல் மைக்கை விட்டு விலகியது. காகிதம் புரட்டுகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டது. யாரோ ஏதோ சொன்னார்கள். பிறகு அவர், "பாட்டு, மழை, காதல் மூன்றும் பேசலாம் இல்லையா. புயல் என்பதும் பெரிய மழைதானே" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார். கடைசி வரைக்கும் போட்டார். அன்று விளம்பரம் தாமதமாகத்தான் வந்தது. தெருவில் எதிர்வீட்டு ரேடியோவிலும், கீழே டீக்கடையிலும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் அதே குரல் கேட்டது. மறுவாரத்திலிருந்து மறுபடி முக்கால்வாசிதான் போட்டார்கள். அதனால் என்ன, கேட்டவர்கள் கேட்டுவிட்டார்கள்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் இடங்களைச் சொன்னபோது மூன்றாம் மாடியில் எல்லோரும் இருந்தார்கள். சொர்ணம்மாள் வந்திருந்தாள். ரமேஷ்குமார் கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டான். பத்திலிருந்து மூன்று வரை சொல்லியாயிற்று, பர்னபா பெயர் வரவில்லை. யாசர் எழுந்து நின்றுவிட்டான். மிஸ்பா அவன் லுங்கி நுனியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இரண்டாம் இடம், சோ பர்னபா, 'நட்சத்திரக் கூரை'" என்றார் கோ தூரா.

முதலிடம் மே தாஸினுக்கு. மதீனா பீவி தஸ்பீஹை உருட்டிக்கொண்டு, காலை நீட்டி, மிகவும் திருப்தியாக உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, நீங்களும் போன் பண்ணீங்களா?" என்றாள் மிஸ்பா சந்தேகத்தோடு.

"நான் எங்க போனேன்? எனக்குப் படி இறங்க முடியாது" என்றாள் மதீனா பீவி. "சொர்ணம் பண்ணுச்சு."

சொர்ணம்மாள் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தாள். தினம் இரண்டு தடவை, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று, மேல்வீட்டம்மாவுக்காகப் பண்ணினேன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். ரமேஷ்குமார் சிரித்துச் சிரித்து இருமினான்.

"அப்ப பேரை எப்ப பாய் மாத்துறீங்க?" என்றான்.

"மாத்துறேன். இனிமே என்னை டோ மியா மியா வீட்டுக்காரர்னு கூப்பிடு" என்றான் யாசர்.

பிறகு அவன் டீ வாங்கிவரக் கூஜாவை எடுத்துக்கொண்டு கிளம்ப, மிஸ்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினாள். டீக்கடை கீழேயே இருந்தது. மேலே மூன்று பேரும் காத்துக் காத்துப் பார்த்தார்கள். சொர்ணம்மாள் எழுந்து போய் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள். டீக்கடை வாசலில், காலிக் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு, பர்னபா அடுத்த பாட்டுக்கு முடியை வெட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று இருவரும் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.